ரோமைத் தேர்ந்தெடுக்காதே!

கி.மு. 304. திரை விரிகிறது. மேற்கே பிரித்தானியத் தீவுகள், கிழக்கே நம் இந்தியா, நடுவே மத்தியதரைக் கடல். அலெக்சாந்தர் செத்துப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. அவன் விட்டுப்போன மண்ணுக்காக அவனுடைய தளபதிகள் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். இத்தாலியின் நடுவில் ஒரு நகரம், சம்னைட் மலைக்காரர்களோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் நடத்திய போரை இப்போதுதான் முடித்துவிட்டு மூச்சு வாங்குகிறது. வரைபடம் முழுக்க வண்ண வண்ணமாய் நூற்றுக்கணக்கான நாடுகள். எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்கிறது கணினி.

உன் மவுஸ் எங்கே போகிறது? எனக்குத் தெரியும். அந்த ஒரு நகரத்துக்குத்தான் போகிறது. ரோமுக்கு.

எடு கையை!

ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி வடமேற்கே வா. காடும் குன்றுமாய்க் கிடக்கிறதே, அங்கே பார். சின்னச் சின்னத் துண்டுகளாய்ச் சிதறிக் கிடக்கின்றன குடிகள். பெயரை வாசிக்கவே நாக்கு தடுமாறும். செனட் கிடையாது. கடற்படை கிடையாது. வரலாற்றை எழுதி வைக்க ஒரு ஆள் கிடையாது. உன்னைப் பற்றி உன் எதிரிதான் எழுதப்போகிறான். அந்தத் துண்டுகளில் ஒன்றை எடு. எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்.

நான் சொல்வது ‘இம்பரேட்டர்: ரோம்’ என்கிற கணினி விளையாட்டை. ஸ்வீடனின் பாரடாக்ஸ் நிறுவனம் 2019 ஏப்ரல் 25 அன்று வெளியிட்டது. துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற விளையாட்டு இல்லை இது. ஒரு நாட்டையே உன் கையில் கொடுத்து வரி, படை, சோறு, சாமி, உட்பகை, ஊர்ப்பகை எல்லாவற்றையும் நீயே பார்த்துக்கொள் என்று விட்டுவிடும். கி.மு. 304 முதல் கி.மு. 27 வரை, அதாவது ரோம் நகரம் பிறந்த ஆண்டிலிருந்து ரோமானியர் எண்ணிய கணக்கில் 450ஆம் ஆண்டு தொடங்கி 727 வரை, நாள் நாளாய் நகரும். கையிலிருக்கும் மண் அத்தனையும் போனால் ஆட்டம் முடியும். அது தவிர, இதைச் செய்தால் வெற்றி என்று எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. எது வெற்றி என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும். அந்த ஒன்றுக்காகவே இந்த விளையாட்டை நான் மதிக்கிறேன்.

என் அக்கா மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. பழைய லேப்டாப் ஒன்றில் இதை ஏற்றிவைத்திருந்தான். நான் சொன்னேன் என்பதற்காக ஆர்வெர்னிக் குடியை எடுத்தான். இன்றைய பிரான்சின் நடுமலைப் பகுதிக்காரர்கள் அவர்கள். அந்த வட்டாரத்துக்கு இன்றைக்கும் ஓவெர்ன் என்று அவர்கள் பெயர்தான். ஒரே வாரத்தில் என்னிடம் வந்து லேப்டாப்பை மூடினான்.

“இது வேலைக்கு ஆகாது மாமா. ஏதாவது நல்ல நாடா எடுத்து ஆடுறேன்.”

நல்ல நாடா! அந்தச் சொல் என்னைச் சுட்டது. ஏனென்றால் அதே பிள்ளை வாயிலிருந்து அதே சொல்லை வேறு இடங்களிலும் கேட்டிருக்கிறேன். நல்ல காலேஜ் கிடைச்சிருந்தா. நல்ல ஸ்கூல்ல படிச்சிருந்தா. நல்லா இங்கிலீஷ் பேசுற வீட்ல பிறந்திருந்தா. தம்பி, உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உன் கைக்கு வந்த நாட்டைக் கெட்ட நாடு என்று யார் உனக்குச் சொன்னது? தொடங்கும் இடத்தை நீ தேர்ந்தெடுக்கவில்லை, சரி. ஆனால் அந்த இடத்துக்கு ‘மோசம்’ என்று பெயர் வைத்தது நீதானே!

லேப்டாப்பைத் திறக்கச் சொன்னேன். எங்கே தோற்றான் என்று பார்த்தோம். ஆட்டம் தொடங்கிய மூன்றாம் மாதமே பக்கத்துக் குடிமேல் போர் அறிவித்திருக்கிறான். அந்தக் குடி தனியாக இல்லை. இந்த விளையாட்டில் சிறிய நாடுகள் தங்களுக்குள் தற்காப்புக் கூட்டணி வைத்துக்கொள்ளலாம். ஒருவனைத் தொட்டால் மற்றவர்களும் வருவார்கள். வந்தார்கள். இவன் என்ன செய்தான்? தன் மலையை விட்டு இறங்கி, ஆற்றைக் கடந்துபோய், சமவெளியில் நின்று மோதினான். ஆற்றைக் கடந்து தாக்குகிறவனுக்கு இந்த விளையாட்டில் தண்டனை உண்டு. குன்றிலும் காட்டிலும் நின்று காக்கிறவனுக்குச் சலுகை உண்டு. சலுகையை எதிரிக்குக் கொடுத்துவிட்டுத் தண்டனையைத் தான் வாங்கிக்கொண்டான்.

“ஏன்டா இப்படிப் போனே?” என்றேன்.

“ரோம்ல இப்படித்தான் மாமா ஆடுவாங்க.”

அதுதான்! அவன் ஆர்வெர்னியாக ஆடவே இல்லை. ஆர்வெர்னிச் சட்டைக்குள் ஒளிந்துகொண்ட குட்டி ரோமாக ஆடினான். பெரியவன் நடையைச் சின்னவன் நடந்தால் கால் இடறத்தான் செய்யும். குடி தோற்கவில்லை, குடியை அவன் களத்தில் இறக்கவே இல்லை.

ஒப்புக்கொள்கிறேன், கையில் இருப்பது குறைவுதான். முடியாட்சி, குடியரசு, பழங்குடி என்று மூன்று வகை ஆட்சி இந்த விளையாட்டில். அதில் பழங்குடிக்குத் தொழில்நுட்பம் மெதுவாகத்தான் வளரும். நாகரிக அளவு என்று ஒரு எண் இருக்கிறது. மற்றவர்கள் ஏறும் உயரம் வரை குடிகளால் ஏற முடியாது, நடுவிலேயே ஒரு கூரை போட்டுவைத்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாகத் தலைவலி, குலத்தலைவர்கள். விளையாட்டின் தொடக்கப் பதிப்புகளில் ஒவ்வொரு குலத்தலைவருக்கும் சொந்தப் பரிவாரப் படை இருந்தது. உன் நாட்டுப் படைதான். ஆனால் உன் மவுஸுக்குக் கட்டுப்படாது. தன் போக்கில் போகும், தன் போக்கில் வரும். தலைவன் இறந்தால் அவன் மகன் தலைவன் ஆவான் என்ற உறுதியும் இல்லை. குலத்தலைவர்களில் ஆதரவு மிகுந்தவர் நாற்காலியில் உட்காருவார். நீ இருபது வருடம் வளர்த்ததை நீ விரும்பாதவன் கையில் கொடுத்துவிட்டு, அவனாகவே தொடர்ந்து ஆட வேண்டும்.

இதைப் படித்ததும் உனக்கு எரிச்சல் வருகிறதா? வரட்டும். இந்த எரிச்சலை ஒரு இளைஞன் உண்மையாகவே தாங்கினான். விளையாட்டில் இல்லை, வரலாற்றில். அதே ஆர்வெர்னிக் குடியில்.

கி.மு. 52. ரோமானியத் தளபதி யூலியஸ் சீசர், இன்றைய பிரான்சை உள்ளடக்கிய கால் (Gaul) நாட்டில் ஏழாவது ஆண்டாகப் படை நடத்திக்கொண்டிருக்கிறான். குடிகள் ஒவ்வொன்றாய்ப் பணிந்துவிட்டன. அப்போது வெர்சிஞ்ஜெடோரிக்ஸ் என்ற இளைஞன் எழுந்து நின்று, நாம் சேர்ந்து எதிர்ப்போம் என்கிறான். அவன் அப்பா செல்டில்லஸ் ஒருகாலத்தில் கால் நாடு முழுவதற்கும் முதல்வனாக இருந்தவர். மன்னனாகப் பார்த்தார் என்று சொந்தக் குடியே அவரைக் கொன்றுவிட்டது. அந்த வீட்டுப் பிள்ளை இவன். இவன் பேசியதும் முதலில் எதிர்த்தது யார்? ரோமானியனா? இல்லை. அப்பாவோடு பிறந்த சித்தப்பன் கோபன்னிடியோ! இந்த விஷப் பரீட்சை வேண்டாம் என்று மற்றத் தலைவர்களையும் சேர்த்துக்கொண்டு, கெர்கோவியா நகரத்தை விட்டே அவனைத் துரத்திவிட்டார்.

துரத்தப்பட்டவன் என்ன செய்தான் என்று கவனி. இங்கேதான் உயிர் இருக்கிறது. அவன் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கவில்லை. வயற்காட்டுக்குப் போனான். கையில் ஒன்றும் இல்லாதவர்கள், கடனில் நொடித்தவர்கள், ஊர் கணக்கில் எடுக்காதவர்கள் எல்லோரையும் கூட்டினான். அந்தக் கூட்டத்தோடு திரும்பி வந்தான். துரத்தியவர்களைத் துரத்தினான். அவன் ஆட்கள் அவனை மன்னன் என்று கூவினார்கள். நாலா பக்கமும் தூது பறந்தது. செனோன்கள் வந்தார்கள். பாரிசிகள் வந்தார்கள், இன்றைய பாரிஸ் நகரத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள். கடல்கரைக் குடிகள் வந்தன. எல்லோரும் ஒப்புக்கொண்டு தலைமையை அவன் கையில் கொடுத்தார்கள். அதே ஆண்டில், எந்த ஊரிலிருந்து துரத்தப்பட்டானோ அதே கெர்கோவியாவின் குன்றில் நின்று சீசரின் படையைக் கீழே உருட்டிவிட்டான். ஏறக்குறைய 700 வீரர்களையும் 46 நூற்றுவர் தலைவர்களையும் அன்று இழந்ததாக எழுதி வைத்திருப்பவன் வேறு யாரும் இல்லை, சீசரே!

உன் வீட்டிலும் ஒரு கோபன்னிடியோ இருப்பார். அவர் கெட்டவர் இல்லை, தம்பி. அவர் பயந்தவர். ஒரு தடவை அண்ணன் செத்ததைப் பார்த்தவர். ‘நம்ம குடும்பத்துக்கு இதெல்லாம் சரிப்படாது’ என்று சொல்லும்போது அவர் கண்ணில் உன் அப்பாவுக்கு நடந்தது ஓடுகிறது. அவரோடு வாதாடி ஜெயிக்க முடியாது. வயற்காட்டுக்குப் போ. உனக்கு இன்றைக்குக் கைகொடுக்கத் தயாராய் இருப்பவர்கள் யாரோ அவர்களைக் கூட்டு. பெரிய மனிதர்கள் வரட்டும் என்று காத்திருக்காதே. கையில் ஒன்றும் இல்லாதவர்களோடு தொடங்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குலத்தலைவர்கள் வெளியே மட்டும் இல்லை. நாளை ஐந்து மணிக்கு எழுந்து படிப்பேன் என்று இரவில் சபதம் போட்டவன் ஒரு குலம். ஐந்து மணிக்கு அலாரத்தை அணைத்தவன் வேறு குலம். இருவரும் உன் நாட்டுக்காரர்கள்தான். அடித்து ஒருவனை வெளியேற்ற முடியாது. விளையாட்டில் என்ன செய்கிறாய்? விசுவாசம் குறைந்த தலைவனுக்கு ஒரு பதவி கொடுக்கிறாய், பொன் கொடுக்கிறாய், நட்பு கொள்கிறாய். ஒவ்வொரு மாதமும் அவன் எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கிறாய். உன்னையும் அப்படிப் பார். ஒரே நாளில் திருந்திவிடுவேன் என்பது ரோமானியச் சபதம். மாதா மாதம் எண்ணைப் பார்ப்பதுதான் குடித்தலைவன் வேலை.

சரி, இவ்வளவு குறையும் இருக்கிறவனுக்கு மற்றவனிடம் இல்லாதது ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. கால்!

ரோமால் ரோமைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அதன் மதில், கோயில், சந்தை எல்லாம் தரையில் வேர்விட்டவை. இடம்பெயரும் குடிக்கு அந்த விலங்கு இல்லை. விளையாட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் உன் மண்ணிலிருக்கும் மக்கள் மொத்தமாக எழுந்து ஆயுதம் தாங்கிய கூட்டமாக மாறுவார்கள். பழைய இடம் வெறிச்சோடிப் போகும். அவர்களை நடத்திக்கொண்டு யாரும் ஆளாத நல்ல நிலத்துக்குப் போய் இறக்கிவிடலாம். நெஞ்சு படபடக்கும். நான் முதல் தடவை அதைச் செய்தபோது விரல் நடுங்கியது. வெறும் திரைதான், வெறும் எண்கள்தான்; ஆனாலும் இருக்கிற ஒரே ஊரைக் காலி செய்வது சாதாரணம் இல்லை.

இதைச் செய்தவர்கள் பெயர் உனக்குத் தெரியும். தமிழ் வேதாகமத்தைப் புரட்டியவர்கள் எல்லோருக்கும் தெரியும். கலாத்தியர்! பவுல் நிருபம் எழுதினாரே, அந்த நாட்டுக்குப் பெயர் எப்படி வந்தது? கி.மு. 279இல் ஆர்வெர்னிகளின் இனத்தவரான கெல்ட் குடிகளின் பெருங்கூட்டம் ஒன்று கிரேக்கத்துக்குள் புகுந்தது. டெல்ஃபி வரை போய் அடிபட்டுச் சிதறியது. ஆனால் அதற்கு முன்பே லியோனோரியஸ், லுடாரியஸ் என்ற இரண்டு தலைவர்கள் தங்கள் ஆட்களைப் பிரித்துக்கொண்டு கிழக்கே திரும்பியிருந்தார்கள். கி.மு. 278இல் பித்தினியாவின் மன்னன் நிகோமெதிஸ் தன் தம்பியோடு நடந்த சண்டைக்கு இவர்களைக் கூலிப்படையாக அழைத்தான். கடலைக் கடந்து ஆசியாவில் கால்வைத்தவர்கள் மொத்தம் 20,000 பேர். அதில் ஆயுதம் பிடித்தவர்கள் 10,000 பேருக்கு மேல் இல்லை என்கிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி. மீதி யார்? பெண்கள், குழந்தைகள், கிழவர்கள் என்றுதான் நினைக்கிறேன். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த கூட்டம். பெயர் தெரியாத மண். மொழி தெரியாத ஜனம். அந்த இருபதாயிரம் பேர்தான் இன்றைய துருக்கியின் தலைநகர் அங்காரா இருக்கும் மேட்டுநிலத்தில் மூன்று குடிகளாகப் பிரிந்து குடியேறினார்கள். அவர்களால்தான் அந்த மண்ணுக்குக் கலாத்தியா என்று பெயர் வந்தது. சுற்றியிருந்த மன்னர்கள் பலர் இவர்களுக்குக் கப்பம் கட்டினார்கள். தோற்றும் இருக்கிறார்கள், ஒன்றல்ல பல தடவை. அவர்களை வென்ற பெர்கமம் மன்னன் அந்த வெற்றிக்குச் சிலை வைத்தான். சாகும் கெல்ட் வீரனின் அந்தச் சிலையைப் பார்த்துச் செய்த பளிங்குச் சிலை இன்றும் ரோம் நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரத்தம் கசிய உட்கார்ந்திருக்கிறான், கை ஊன்றி, விழாமல். எதிரி கல்லில் வடிக்கும் அளவுக்கு மதிப்பை வாங்கிய வீழ்ச்சி அது.

நீ பிறந்த தெருவில் உன் வேலை இல்லையா? எழு. நட. உனக்கு ஏற்கெனவே பெயர் வைத்துவிட்ட இடத்தில் நின்றுகொண்டு அந்தப் பெயரோடு மல்லுக்கட்டாதே. சொத்து இல்லை என்று அழுகிறாயே, சொத்து இல்லாதவனுக்குத்தான் சுமை இல்லை. பையைத் தூக்கினால் புறப்பட்டுவிடலாம். ஆனால் ஒன்று, விளையாட்டில் இடம்பெயர்கிறவன் போகுமிடத்தை முதலில் பார்த்து வைத்துக்கொண்டுதான் பொத்தானை அழுத்துவான். கோபத்தில் அழுத்துகிறவன் நடுவழியில் பட்டினி கிடப்பான்.

இப்போது உனக்கு நான் சொல்ல ஆசைப்பட்ட கதைக்கு வருகிறேன். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

காஸ்பியன் கடலுக்குக் கிழக்கே புல்வெளி. அங்கே டாஹே என்ற குடிக்கூட்டு. அதில் ஒரு சிறு குடி, பார்னி. குதிரையும் வில்லும் தவிர வேறு பெரிய முதல் கிடையாது. கி.மு. 247இல் அர்சாகஸ் என்பவனைத் தலைவனாக ஏற்றார்கள். சில ஆண்டுகளில் தெற்கே இறங்கிப் பார்த்தியா என்ற மாகாணத்தைப் பிடித்தார்கள். பக்கத்தில் செலூக்கியப் பேரரசு, அலெக்சாந்தரின் மண்ணில் மிகப் பெரிய பங்கு. பேரரசன் சும்மா விடுவானா? கி.மு. 209இல் மூன்றாம் அந்தியோகஸ் பெரும்படையோடு வந்தான். பார்னிகளின் மன்னன் பணிந்தான். ஆமாம், பணிந்தான்! உங்களுக்குக் கீழ் அடங்கியவனாக இருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டான்.

இந்த இடத்தில் பலர் கதையை மூடிவிடுவார்கள். அவமானம் என்பார்கள். நீ மூடாதே. விளையாட்டிலும் அடங்கிய குடி என்று ஒரு நிலை இருக்கிறது. கப்பம் கட்டிக்கொண்டு உயிரோடு இருக்கலாம். உயிரோடு இருக்கிறவனுக்குத்தான் அடுத்த மாதம் உண்டு. பார்னிகள் குனிந்தார்கள், குதிரைகளை விற்கவில்லை. பத்தொன்பது ஆண்டுகளில் அதே அந்தியோகஸ் மக்னீசியாவில் ரோமானியரிடம் நொறுங்கினான். கி.மு. 141இல் பார்னிகளின் வழிவந்த பார்த்திய மன்னன் முதலாம் மித்ரிதாதிஸ், செலூக்கியர் டைகிரிஸ் கரையில் தங்கள் பெயரிலேயே கட்டிய செலூக்கியா நகரத்துக்குள் நுழைந்தான். குனிந்த நாளிலிருந்து அறுபத்தெட்டு ஆண்டுகள். பாட்டன் குனிந்தான், பேரன் நிமிர்ந்தான் என்று சொல்லலாம்.

அவர்கள் அடித்த காசைப் பார்க்க வேண்டும் நீ. ஒரு பக்கம் மன்னன் தலை. மறுபக்கம் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், கையில் வில். சுற்றிலும் எழுத்து கிரேக்கம். ஊர் ஆளத் தேவையான மொழியைக் கற்றுக்கொண்டார்கள். பேனா பிடித்தார்கள், கணக்கு வைத்தார்கள், நகரத்தை நடத்தினார்கள். ஆனால் காசின் நடுவில் உட்கார வைத்தது வில்லாளியைத்தான். இங்கிலீஷ் வரவில்லை என்று கூனிக் குறுகுகிற என் தங்கையே, அந்தக் காசை மனதில் வை. எழுத்தைக் கற்றுக்கொள், கட்டாயம் கற்றுக்கொள், அது சுற்றிலும் இருக்கட்டும். நடுவில் உன் வில் இருக்கட்டும். விளையாட்டில் மையப்படுத்தல் என்று ஒரு அளவுகோல் உண்டு. அதை இறக்கி வைத்தால் குடியின் பழைய பலம், இடம்பெயரும் வசதி. ஏற்றிக்கொண்டே போனால் ஒருநாள் முடியாட்சியாகவோ குடியரசாகவோ மாறும் கதவு திறக்கும். எப்போது ஏற்றுவது, எதுவரை ஏற்றுவது என்பதுதான் ஆட்டத்தின் நுட்பமே. அவசரப்பட்டு ஏற்றினால் குலத்தலைவர்கள் கொதிப்பார்கள். பயந்து இறக்கியே வைத்திருந்தால் அந்தக் கூரை உன் தலையில் இடித்துக்கொண்டே இருக்கும்.

கி.மு. 53. ரோமின் மிகப் பெரிய பணக்காரன் கிராசஸ், பார்த்தியாவைப் பிடித்தே தீருவேன் என்று ஏழு லீஜியன் படைப்பிரிவுகளோடு வருகிறான். எதிரே வந்தவன் சுரேனா. வயது முப்பதுகூட ஆகவில்லை. அவனிடம் இருந்தவர்கள் ஏறக்குறைய 10,000 குதிரை வீரர்கள், பெரும்பாலும் வில்லாளிகள். இன்றைய துருக்கியின் தென்கிழக்கில் கார்ஹே என்ற இடம். திறந்த வெளி. ரோமானியர் கேடயத்தோடு கேடயம் சேர்த்துச் சதுரமாக நின்றார்கள். அம்பு பறந்தது. ஓடுவதுபோல ஓடி, குதிரைமேல் திரும்பிப் பின்னால் எய்தார்கள். கிராசஸ் கலங்கவில்லை. அவன் கணக்கு எளிமையானது: அம்பு தீர்ந்துவிடும். எந்த வில்லாளியிடமும் அம்பறாத்தூணி ஒன்றுதானே. தீர்ந்ததும் கிட்டே வருவார்கள், அப்போது வெட்டித் தள்ளலாம்.

அம்பு தீரவில்லை!

ஏன் தீரவில்லை? வரிசைக்குப் பின்னால் ஒட்டகங்கள் நின்றன. ஒட்டகம் ஒட்டகமாய் அம்புக்கட்டுகள். எய்து முடித்தவன் பின்னால் போய் நிரப்பிக்கொண்டு திரும்பி வந்தான். ரோமானியர் அந்த ஒட்டகங்களைப் பார்த்தபோதுதான் கிராசஸின் நெஞ்சு விட்டுப்போனது என்று கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். 20,000 பேர் செத்தார்கள், 10,000 பேர் பிடிபட்டார்கள். அன்று பறிகொடுத்த கழுகுக் கொடிகளைத் திரும்ப வாங்க ரோமுக்கு முப்பத்து மூன்று ஆண்டுகள் பிடித்தன. அதுவும் சண்டை போட்டு வாங்கவில்லை, பேசி வாங்கினார்கள்.

கார்ஹே என்றால் எல்லோரும் வில்லைப் பேசுவார்கள், குதிரையைப் பேசுவார்கள். நான் ஒட்டகத்தைப் பேசுவேன். வில்லாளி வீரன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போருக்குப் பல நாள் முன்னால், யாரும் பார்க்காதபோது, ஒருவன் உட்கார்ந்து அம்பு கட்டினானே, அவனால் வந்த வெற்றி இது. கட்டுக் கட்டாய், ஒட்டகம் ஒட்டகமாய், சலிக்காமல் கட்டினான். உன்னைப் பார்த்து இந்த உலகமும் கிராசஸ் போட்ட அதே கணக்கைத்தான் போடுகிறது. சின்ன ஊர்ப் பிள்ளை, இரண்டு கேள்வி தாங்குவான், மூன்றாவதில் தீர்ந்துவிடுவான். முதல் சுற்று வருவான், இரண்டாவது சுற்றில் காணாமல் போவான். அவர்கள் உன் தோல்விக்காகக் காத்திருக்கவில்லை, உன் அம்பு தீருவதற்காகக் காத்திருக்கிறார்கள். எங்கே உன் ஒட்டகங்கள்? எத்தனை கட்டி வைத்திருக்கிறாய்?

அந்தப் புல்வெளிக் குடியின் வம்சம் கி.பி. 224 வரை ஆண்டது.

எல்லாக் குடியும் இப்படி ஆண்டுவிடாது. பொய் சொல்லி உனக்குத் தெம்பு ஏற்ற எனக்கு விருப்பம் இல்லை. கெர்கோவியாவில் வென்ற அதே வெர்சிஞ்ஜெடோரிக்ஸ், சில மாதங்களில் அலேசியாவில் சுற்றி வளைக்கப்பட்டான். உள்ளே 80,000 பேர், தானியம் தீர்ந்துவிட்டது. வெளியிலிருந்து வந்த உதவிப் படை சீசரின் அரணை உடைக்க முடியாமல் திரும்பியது. மறுநாள் சபையைக் கூட்டி, என்னைக் கொன்றாலும் சரி, உயிரோடு ஒப்படைத்தாலும் சரி, நீங்கள் பிழைக்க எது வழியோ செய்யுங்கள் என்று தன்னையே எடுத்துக் கொடுத்தான். கி.மு. 46இல் ரோமில் ஊர்வலம் விட்டுக் கொன்றார்கள். விளையாட்டிலும் நீ தோற்பாய். நன்றாக ஆடியும் தோற்பாய். ஆல்ப்ஸைத் தாண்டி ரோமின் படை வரும் ஆண்டு வந்தே தீரும். அன்று உன் கூட்டணியில் இருந்தவன் சொல்லாமல் விலகுவான்.

அப்போது ஒரு சபலம் வரும். பழைய சேவ் கோப்பைத் திறந்தால் போதும், தோல்வி நடக்காததுபோல் ஆகிவிடும். அதைச் செய்யாதே. இந்த விளையாட்டில் அயர்ன்மேன் என்றொரு முறை இருக்கிறது. ஒரே ஒரு சேவ், பின்னால் போக வழியில்லை. அதில் ஆடு. ஐந்து ஊரில் நான்கு போய் ஒன்று மிஞ்சினால், அந்த ஒன்றிலிருந்து தொடர்ந்து ஆடு. மிஞ்சிய ஒற்றை ஊரிலிருந்து மீண்ட ஆட்டங்கள்தான் எனக்குப் பத்தாண்டு கழித்தும் நினைவிருக்கப்போகின்றன. வழுக்கிக்கொண்டு போன வெற்றிகளில் ஒன்றுகூட இப்போதே நினைவில் இல்லை.

இந்த விளையாட்டுக்கே நடந்த கதை தெரியுமா உனக்கு? வெளிவந்தபோது ஆடியவர்களில் பலர் இது முழுமையாக இல்லை என்று கடுமையாகத் தாக்கினார்கள். செய்தவர்கள் விடாமல் திருத்தினார்கள். 2021 பிப்ரவரியில் மாரியஸ் என்று பெயரிட்ட 2.0 பதிப்பில் படை அமைப்பையே மாற்றிக் கட்டினார்கள். அந்த ஆண்டே புதிய வேலைகள் நிறுத்தப்பட்டு, குழு வேறு பணிகளுக்குப் போனது. அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் சம்பளம் வாங்காத ஆர்வலர்கள், உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ கூடி, ‘இன்விக்டஸ்’ என்ற மோடை, அதாவது விளையாட்டின்மேல் ரசிகர்களே கட்டும் கூடுதல் தொகுப்பை, வளர்த்தெடுத்தார்கள். புதிய குடிகள், புதிய பணிகள், புதிய வரலாறு. இன்விக்டஸ் என்றால் லத்தீனில் வெல்லப்படாதது. பெரிய கைகள் விட்ட இடத்தில் சின்னக் கைகள் பிடித்துக்கொண்டன. நீ இன்றைக்கு ஆர்வெர்னியை எடுத்து ஆட முடிகிறது என்றால், அதில் அவர்கள் கட்டிய அம்புகளும் இருக்கின்றன.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இது மணிக்கணக்கில் நேரத்தைத் தின்னும் விளையாட்டு; ஞாயிறு மதியம் மூன்று மணி நேரம், அதற்குமேல் வேண்டாம் என்று நானே என் அக்கா மகனுக்கு வரம்பு போட்டேன். ஸ்பேஸ் பாரை அழுத்தினால் காலமே நின்றுவிடும். அதை அழுத்திவிட்டு எழுந்துபோகத் தெரிந்தவனுக்குத்தான் ஆளத் தெரியும்.

அன்று அவனிடம் இவ்வளவையும் சொன்னேன். கத்தினேன் என்றுகூடச் சொல்லலாம். அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவன் பதில் பேசவில்லை. லேப்டாப்பில் புது ஆட்டம் திறந்து, அதே ஆர்வெர்னியை எடுத்தான். இந்த முறை மலையை விட்டு இறங்கவில்லை. மூன்று அண்டைக் குடிகளோடு தற்காப்புக் கூட்டணி வைத்தான். சண்டைக்கு வந்தவன் ஆற்றைக் கடந்து வரட்டும் என்று காத்திருந்தான். ஆட்டத்தில் இருபது ஆண்டுகள் கழிந்து, தலைவர் இறந்து எதிர்க்குலத்தான் நாற்காலிக்கு வந்தபோது எனக்கு போன் செய்தான். “வந்துட்டான் மாமா. பரவால்ல, இவனையே வெச்சு ஆடுறேன்.”

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் மேசையில் ஒரு நோட்டு திறந்து கிடந்தது. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு இன்னும் ஒன்றரை ஆண்டு இருக்கிறது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு ஒவ்வொரு வரியாய் எழுதியிருந்தான். ஒரு நாள் பத்துக் கணக்கு. ஒரு நாள் கண்ணாடி முன்னால் ஐந்து நிமிடம் இங்கிலீஷில் பேசியது. ஒரு நாள் ஒரு சின்ன நிரல் எழுதிப் பிழை தீர்த்தது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரே சொல், பக்கத்தில் எண். ஒட்டகம் 1. ஒட்டகம் 2.

நாற்பத்தொன்றாவது வரியில் பேனா திறந்தபடி கிடந்தது.